கிருமிக்குக் கோத்திரம் இல்லை

கார்த்திகை பிறந்துவிட்டால் திருவண்ணாமலையிலே கணக்குகளுக்குப் பஞ்சமில்லை. தீபம் ஏறும் மலையின் உயரம் 2,668 அடி, கணக்கு உண்டு. உச்சியிலே கொப்பரையில் ஊற்றும் நெய் 3,000 கிலோவுக்கும் மேல், கணக்கு உண்டு. வலம்வரும் பாதை 14 கிலோமீட்டர், கிழக்கே நிற்கும் இராஜகோபுரம் 217 அடி, அதன் நிலைகள் 11, ஓடும் சிறப்புப் பேருந்துகள் இத்தனை, நிற்கும் காவலர் இத்தனை பேர், உண்டியலை எண்ணியதில் ரொக்கம் இவ்வளவு, பொன் இவ்வளவு, வெள்ளி இவ்வளவு! எல்லாம் எண்ணப்படும், எழுதப்படும், நாளேடுகளில் பத்தி பத்தியாக வெளிவரும். ஆனால், இலட்சக்கணக்கில் திரளும் அந்த மக்களின் கைகளைக் கழுவ எத்தனை குழாய் வைத்தீர்கள், குழாயடியில் எத்தனை கட்டிச் சோப்பு வைத்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். கணக்கெழுதிய பேனா அந்த இடத்திலே வந்து மை வற்றி நின்றுவிடும்!

தீபத்தைப் பற்றிப் பேசும் நாளிலே சோப்பைப் பற்றிப் பேசுகிறானே, இவன் என்ன பேர்வழி என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். காலம் அப்படிப்பட்ட காலம். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்கள்தாம் தமிழ்நாட்டின் இந்தப் பகுதியிலே இன்ஃப்ளூயன்சா என்னும் புளூ காய்ச்சல் தலைதூக்கும் மாதங்கள். சென்னையிலும் வேலூரிலும் நோயாளிகளின் சளியை எடுத்து ஆண்டுக்கணக்கிலே சோதித்த மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் கண்டு சொன்ன உண்மை இது. வேலூருக்கும் திருவண்ணாமலைக்கும் இடையே இரண்டு மணி நேரப் பயணம். மழையில் நனைந்த கூட்டம், தோளோடு தோள் உரசும் கூட்டம், நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வந்து கூடி, மறுநாளே பல மூலைகளுக்கும் பிரிந்து போகும் கூட்டம்! காய்ச்சலுக்கு இதைவிட நல்ல நாளை எந்தச் சோதிடனாலும் குறித்துக் கொடுக்க முடியாது.

சோதிடனை வேண்டுமென்றேதான் இழுத்தேன். இன்ஃப்ளூயன்சா என்ற சொல்லின் பிறப்பிலேயே சோதிடம் இருக்கிறது. இத்தாலிய மொழியிலே அதற்கு ‘ஆதிக்கம்’ என்று பொருள். யாருடைய ஆதிக்கம்? விண்மீன்களின் ஆதிக்கம்! ஊரெல்லாம் ஒரே நாளில் இருமிச் சாகிறதே, வானத்துக் கோள்களின் வேலைதான் இது என்று ஐரோப்பாவும் ஒரு காலத்தில் நம்பியது. நம்மவர் மட்டும் ஏழரைச் சனி என்று நம்பினார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அறியாமைக்கு எந்த நாடும் ஏகபோக உரிமை கொண்டாட முடியாது. வேற்றுமை எங்கே வந்தது தெரியுமா? அவர்கள் தேடினார்கள். 1933இல் இலண்டனிலே ஆராய்ச்சியாளர்கள் நோயாளியின் தொண்டையிலிருந்து அந்தக் கிருமியையே பிரித்தெடுத்துக் காட்டினார்கள். சொல் மட்டும் பழைய மூடநம்பிக்கையின் சின்னமாக நின்றது, பொருள் மாறிவிட்டது. இங்கேயோ கிருமியை நுண்பெருக்கியில் பார்த்துவிட்டு வந்த பிறகும் பரிகாரத்துக்கு நாள் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்தக் காய்ச்சலை அற்பமென்று எண்ணுவோர் 1918ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். முதல் உலகப்போரின் இறுதி ஆண்டிலே பம்பாய்த் துறைமுகத்தின் வழியாக நுழைந்த நோய், இந்தியாவிலே ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. பீரங்கி கொன்றவர்களை எண்ணி நினைவுத் தூண் எழுப்பினார்கள்; இருமிச் செத்த ஏழைகளுக்குத் தூணும் இல்லை, துணியும் இல்லை. அடுத்த முறை, 1957இல், அது நம் சென்னை வழியாகவே வந்தது. மே மாதத்தின் நடுவிலே சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு கப்பல் நோயாளிகளோடு சென்னைத் துறைமுகத்தை அடைந்தது. கடல் கடப்பது தீட்டு என்று எழுதி வைத்த சாத்திரம் அந்தக் கப்பலை மறித்ததா? இல்லை. அடுத்த பிப்ரவரிக்குள் நாடு முழுவதும் ஏட்டில் பதிவானவர்கள் மட்டும் 44 இலட்சத்துக்கு மேற்பட்டோர். பதிவான சாவு 1,098. ஏட்டில் ஏறாத குடிசைகளை யார் எண்ணினார்கள்? கப்பலிலிருந்து ஊருக்கு, ஊரிலிருந்து சந்தைக்கு, சந்தையிலிருந்து வீட்டுக்கு என்று அந்தக் காய்ச்சல் மனிதனின் மூச்சிலே ஏறிப் போயிற்று. அவன் கையிலும் ஏறிப் போயிற்று.

கையிலே எப்படி ஏறுகிறது? இருமுகிறவன் வாயைக் கையால் பொத்துகிறான். பொத்திய கையால் கம்பியைப் பிடிக்கிறான். வழவழப்பான இரும்பிலும் பிளாஸ்டிக்கிலும் அந்தக் கிருமி ஒரு நாள், இரண்டு நாள்கூட உயிர்ப்போடு கிடக்கும். பின்னால் வருகிறவன் அதே கம்பியைப் பிடிக்கிறான். அவன் கையிலே அது நெடுநேரம் வாழாது. ஐந்து நிமிடம் வாழ்ந்தால் அதிகம். ஐந்து நிமிடம் போதாதா? ஆஸ்திரேலியாவில் மருத்துவ மாணவர்களைப் பார்த்துக் கொண்டேயிருந்து எண்ணினார்கள். 2015இல் வெளியான அந்த ஆய்வின்படி ஒருவர் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 23 முறை தம் முகத்தைத் தொட்டார். அதில் பாதிக்குச் சற்றே குறைவான முறைகள் கண்ணையோ மூக்கையோ வாயையோ தொட்டவை. மருத்துவம் படிக்கிறவன் கதியே இதுவென்றால் மற்றவர் கதி என்ன? நம்முடைய விரல்களே பல்லக்கு. நாமே பல்லக்குத் தூக்கிகள். உள்ளே சவாரி போவது கிருமி!

அந்தப் பல்லக்கைக் கவிழ்க்கும் வேலையைத்தான் சோப்பு செய்கிறது. புளூ கிருமியின் மேலே கொழுப்பாலான ஓர் உறை இருக்கிறது. சோப்பின் ஒரு முனை நீரை நாடும், மறுமுனை கொழுப்பைக் கவ்வும். கவ்விய முனை அந்த உறையைக் கிழிக்கிறது. உறை கிழிந்த கிருமிக்கு மனித உயிரணுவுக்குள் நுழையும் வலிமை போய்விடுகிறது. குப்பையாகத் தண்ணீரோடு ஓடிவிடுகிறது. இருபது நொடி தேய்த்தால் போதும், கட்டைவிரலையும் விரல் இடுக்கையும் நகக்கண்ணையும் விட்டுவிடாமல். வெறும் தண்ணீரால் இந்த வேலை முழுமையாக நடக்காது. தீர்த்தம் என்று பெயர் வைத்தாலும் நடக்காது.

இப்போது திருவண்ணாமலைக்கு வருவோம். பௌர்ணமி இரவில் ஒரு பக்தனின் வலக்கை எங்கெங்கே போகிறது என்று பின்தொடர்ந்து பார்ப்போம். அவனை இகழ்வதற்கல்ல, அவன் நம் அண்ணன், நம் அத்தை, நம் பக்கத்து வீட்டுக்காரர். பேருந்துக் கம்பியைப் பிடித்த கை, வரிசைத் தடுப்பின் இரும்புக் குழாயைப் பிடிக்கிறது. ஆயிரமாயிரம் பேர் பிடித்த குழாய்! அடுத்து, கர்ப்பூரத் தட்டு வருகிறது. சுடரின்மேல் கையைக் காட்டி எடுத்து, உடனே இரண்டு கண்களிலும் ஒற்றிக் கொள்கிறான். நெருப்புதான் தூய்மை செய்துவிட்டதே என்பார்கள். ஒரு நொடி அனல் பட்டால் கிருமி சாகுமென்றால், கை வெந்துவிடாதா? வேகவில்லையே! வேகாத கையில் வேகாத கிருமி, நேரே கண்ணுக்குப் போகிறது. தட்டிலே விழும் நாணயத்தையும் நோட்டையும் ஒதுக்குகிற விரல்கள்தாம் திருநீற்றையும் அள்ளிக் கொடுக்கின்றன. நெற்றியிலே இட்டது போக, வாயிலும் ஒரு சிட்டிகை. மிச்சத்தை என்ன செய்வது? பக்கத்துத் தூணின் மாடத்திலே கொட்டுகிறான். அடுத்து வருகிறவர் அந்த மாடத்திலிருந்தே ஒரு சிட்டிகை எடுத்து இட்டுக்கொள்கிறார். யார் கொட்டியது, எந்தக் கை கொட்டியது, கேள்வியே இல்லை. எதிர்வீட்டுச் செம்பிலே தண்ணீர் குடிக்கச் சாதி கேட்கிறவர், தூணில் கிடக்கும் மிச்சத்துக்கு எதுவும் கேட்பதில்லை!

வெளியே வந்தால் பாதை நெடுக அன்னதானம். புளியோதரை, பொங்கல், தயிர்ச்சோறு என்று தொன்னை தொன்னையாக வழங்குகிறார்கள். பசித்தவனுக்குச் சோறிடும் கையைக் குறை சொல்லும் எண்ணம் எனக்கில்லை. அதற்கு அஞ்சலி செய்யலாம். ஆனால் நம் மொழியிலே விருந்தினரை உண்ண அழைக்கும்போது, “கை நனைத்துவிட்டுப் போங்கள்” என்று சொல்வோமே, அந்தப் பேச்சின் பொருளை ஒரு கணம் எண்ணுங்கள். சோற்றுக்கு முன்னே கைக்கு நீர் என்பது இந்த இனத்தின் பழக்கமாக இருந்திருக்கிறது. திண்ணையிலே செம்பும் முற்றத்திலே தொட்டியும் இருந்தன. அந்தச் செம்பு கிரிவலப் பாதையிலே எங்கே? சோற்றுத் தானத்துக்கு நன்கொடையாளர் பெயரைத் துணியில் எழுதிக் கட்டுகிறார்கள். தண்ணீருக்கும் சோப்புக்கும் நன்கொடையாளர் பெயரைக் கட்டிய துணி எத்தனை? பாதையைச் சுற்றி எட்டு இலிங்கங்கள்: இந்திரன், அக்கினி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானன். மழைக்கு அதிபதியான வருணனின் வாசலில் ஒரு குழாயும், பொன்னுக்கு அதிபதியான குபேரனின் வாசலில் ஒரு கட்டிச் சோப்பும் கேட்டால் அது நாத்திகமா?

தூய்மையே எங்கள் மதம் என்று முழங்குகிறவர்களிடம்தான் நமக்கு வழக்கு. எந்தத் தூய்மை? உடலின் தூய்மைக்கு நீரையும் உள்ளத்தின் தூய்மைக்கு வாய்மையையும் காட்டினார் வள்ளுவர், பிறப்பைக் காட்டவில்லை. வைதிகம் காட்டுவது வேறு தூய்மை. அதற்கு ‘மடி’ என்று பெயர், ‘ஆசாரம்’ என்று பெயர். அதன் எதிர்ப்பதம் அழுக்கு அன்று, ‘தீட்டு’! அழுக்கை அளக்கலாம், நுண்பெருக்கியில் காணலாம், கழுவினால் போகும். தீட்டை எந்தக் கருவியால் அளப்பது? அது கையில் ஒட்டியிருப்பதைக் கேட்காது. கைக்கு உரியவன் யார் வயிற்றில் பிறந்தான் என்று கேட்கும். அர்ச்சனைத் தட்டை நீட்டினால் பெயர், நட்சத்திரம், கோத்திரம் மூன்றையும் கேட்கிறார்களே, கை கழுவினாயா என்று நான்காவதாக ஒரு கேள்வி கேட்டதுண்டா?

இந்தத் தீட்டு எவ்வளவு தூரம் தூய்மைக்குப் பகையானது என்பதற்கு 1927இல் மகாராட்டிரத்தின் மகாட் நகரம் சாட்சி. சவுதார் குளத்திலே கால்நடை குடிக்கலாம், தீண்டப்படாதார் எனப்பட்ட மக்கள் குடிக்கக்கூடாது. மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் பல்லாயிரம் பேருடன் சென்று அந்தக் குளத்து நீரைக் கையில் அள்ளிப் பருகினார். மனிதன் தண்ணீர் குடித்தான்; குளம் தீட்டுப்பட்டுவிட்டதாம்! எப்படிக் கழுவினார்கள் தெரியுமா? 108 குடங்களில் பாலும் தயிரும், மாட்டுச் சாணமும் மாட்டு மூத்திரமும் கலந்து, மந்திரம் ஓதிக் குளத்திலே கொட்டினார்கள். மனிதனின் உதடு பட்ட நீர் அழுக்கு. சாணம் கரைத்த நீர் சுத்தம்! ஊர் குடிக்கும் தண்ணீரிலே சாணத்தைக் கரைத்துவிட்டு, நாங்கள் சுகாதாரத்தின் காவலர் என்று நெஞ்சை நிமிர்த்தியவர்களை உலகம் வேறெங்காவது கண்டதுண்டா?

பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். இதே திருவண்ணாமலை மாவட்டத்தில், தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரில், முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்கள் காலெடுத்து வைத்தது 2023 சனவரி 30 அன்று! ஏறத்தாழ 80 ஆண்டுகள் வாசலுக்கு வெளியே நின்றார்கள். மாவட்ட நிர்வாகம் முன்னே, காவல்துறை இருபுறமும் வர, பொங்கல் வைத்து வழிபட்டார்கள். அந்த 80 ஆண்டிலே அந்தக் கோயிலுக்குள் சளிபிடித்தவன் எவனும் போகவில்லையா? இருமிக்கொண்டே மணியடித்தவன் இல்லையா? மூக்கைச் சிந்திய கையால் தேர்வடம் பிடித்தவன் இல்லையா? அவர்களுக்கெல்லாம் வாசல் திறந்திருந்தது. குளித்து, துவைத்த துணி உடுத்தி வந்த உழைப்பாளிக்கு மூடியிருந்தது.

இதை இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2020இல் கொரோனா வந்தபோது, எட்டி நில் என்று மருத்துவர்கள் சொன்ன மறுகணமே, பழைமையின் வழக்கறிஞர்கள் வாதத்தைத் தயார் செய்துகொண்டார்கள். “பார்த்தீர்களா, முன்னோர் அன்றே சொன்னார்கள்! தொடாதே என்றார்கள், எட்டி நில் என்றார்கள், மடி என்றார்கள். எல்லாம் கிருமியை அறிந்த ஞானம்!” என்று கைப்பேசிக்குக் கைப்பேசி பரப்பினார்கள். என்ன துணிவு! நூற்றாண்டுகளாக மனிதனை மனிதன் தெருவுக்கு வெளியே நிறுத்திய கொடுமைக்கு வெள்ளை அங்கி மாட்டி, கழுத்திலே ஸ்டெதாஸ்கோப்பைத் தொங்கவிட்டு, மருத்துவர் வேடம் கட்டப் பார்த்தார்கள்.

கேட்கிறேன். அது சுகாதாரம் என்றால், காய்ச்சல் தீர்ந்ததும் விலக்கும் தீர்ந்திருக்க வேண்டுமே! தலைமுறை தலைமுறையாகத் தீராத காய்ச்சல் எது? அது சுகாதாரம் என்றால், தும்முகிறவனை விலக்கியிருக்க வேண்டும், அவன் அக்கிரகாரத்தில் பிறந்திருந்தாலும். தும்மாதவனை அருகே அழைத்திருக்க வேண்டும், அவன் சேரியில் பிறந்திருந்தாலும். அப்படி ஒரே ஒரு நாள் நடந்ததாக ஓலைச்சுவடி காட்ட முடியுமா? கிருமிக்கு அஞ்சியவன் எல்லாருக்கும் தண்ணீரைத் திறந்து விட்டிருப்பான். கழுவுங்கள், கழுவுங்கள் என்று கெஞ்சியிருப்பான். இவர்கள் செய்ததோ, கழுவ வேண்டியவனுக்குக் கிணற்றை மூடியது. நாற்றமடிக்கும் வேலைகளை எல்லாம் ஒரு கூட்டத்தின் தலையில் கட்டினார்கள். அந்த வேலை முடித்து வந்தவன் கை கழுவக் குளத்தை மறுத்தார்கள். பிறகு, பார், அவன் அழுக்கன் என்று தீர்ப்பும் எழுதினார்கள். நோயை உண்டாக்குவதற்கு இதைவிடத் திறமையான ஏற்பாட்டைக் கிருமிகளே கூட்டம் போட்டு யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது. எட்ட நின்று உள்ளங்கையில் திருநீற்றைத் தூவினார்களே, அது கிருமிக்கு அஞ்சியா? அப்படியானால் பணக்காரரின் கழுத்துக்கு மட்டும் மாலை எப்படி நெருங்கி வந்தது?

மேலோரின் கை எப்போதும் சுத்தம் என்னும் ஆணவம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அறிவியல் படித்தவரிடமும் அது குடியிருந்தது. வியன்னா நகரத்துப் பொதுமருத்துவமனையில் 1840களில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவர்களும் மாணவர்களும், மற்றதில் மருத்துவச்சிகள். மருத்துவர்களின் பிரிவிலே பிரசவக் காய்ச்சலால் தாய்மார் செத்துக் குவிந்தார்கள்; மருத்துவச்சிகளின் பிரிவிலே சாவு மிகக் குறைவு. ஏழைப் பெண்கள், முதற்பிரிவு வேண்டாம் என்று காலில் விழுந்து கெஞ்சினார்கள். இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற அங்கேரிய இளைஞர் அங்கே மருத்துவர். ஏன், ஏன் என்று தூங்காமல் கேட்டார். பிணத்தை அறுத்த கத்தி பட்டு அவருடைய நண்பர் ஒருவர் இறந்தார். இறந்த நண்பரின் உடலிலே, பிரசவக் காய்ச்சலில் செத்த தாயின் உடலில் கண்ட அடையாளங்களையே கண்டார். விளங்கிவிட்டது! பிணவறையில் அறுத்த கையை மருத்துவர்கள் சரியாகக் கழுவாமல் பிரசவ அறைக்குள் நுழைக்கிறார்கள். மருத்துவச்சிகளோ பிணவறைக்குப் போவதில்லை. 1847 மே மாதத்தில், குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவாமல் எவரும் உள்ளே வரக்கூடாது என்று சட்டம் போட்டார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 என்று இருந்த சாவு, சூன், சூலை மாதங்களில் நூற்றுக்கு இரண்டு, ஒன்று என்று விழுந்தது.

மாலை போட்டார்களா? இல்லை. கனவான்களாகிய எங்கள் கையிலா அழுக்கு என்று பேராசிரியர்கள் சினந்தார்கள். வேலை போயிற்று, பேர் கெட்டது, 1865இல் மனநோய் விடுதியிலே 47ஆம் வயதில் அவர் மாண்டார். அவர் பேசியது புளூ காய்ச்சலைப் பற்றியன்று. அதன் கிருமியை அன்று உலகம் அறியாது. ஆனால் அவர் எதிரே நின்றது நம் எதிரே நிற்கும் அதே ஆள்தான்: தன் பிறப்பையும் பட்டத்தையும் பதவியையும் காட்டி, கையை மட்டும் காட்ட மறுக்கும் ஆள். ஒரு வேற்றுமை உண்டு. வியன்னா திருந்திற்று. அறுவை மருத்துவர் இன்று முழங்கை வரை தேய்க்காமல் கத்தியைத் தொட முடியாது.

நாமும் ஒரு முறை திருந்தினோம், பயத்தினால். 2020 மார்ச்சிலே கோயில்களின் கதவுகள் பக்தர்களுக்கு மூடப்பட்டன. பகுத்தறிவாளரா மூடினார்கள்? சுகாதாரத் துறையின் சொல்லைக் கேட்டு, கோயில் நிர்வாகமே மூடிற்று. அண்ணாமலையைச் சுற்றத் தடை வந்தது. மாதந்தோறும் தடை தொடர்ந்தது. அவ்வாண்டுத் தீபம் ஏறியபோது மலையடியிலே மக்கள் வெள்ளம் இல்லை. மீண்டும் கதவு திறப்பதற்கு ஒன்றிய அரசு சூன் மாதம் வெளியிட்ட விதிகள் என்ன சொல்லின? உள்ளே நுழையுமுன் கையையும் காலையும் சோப்புப் போட்டுக் கழுவு, சிலையைத் தொடாதே, பிரசாதம் வழங்காதே, தீர்த்தம் தெளிக்காதே! ஆண்டாண்டாக நாம் சொன்னபோது மதத்துரோகமாக இருந்தது, அரசாணையாக வந்தபோது ஆகமத்துக்கு விரோதமில்லாமல் போயிற்று. வாசலிலே குழாய் முளைத்தது, சோப்பு முளைத்தது, கைக்கு மருந்து தெளிக்கும் குப்பி முளைத்தது. ஒரு தெய்வமும் கோபித்துக்கொள்ளவில்லை.

அதே காலத்தில் மறுபக்கமும் நடந்தது. மருத்துவ ஊழியர்க்கு நன்றி சொல்லக் கை தட்டுங்கள் என்றால், அந்த ஓசையிலே கிருமி சாகும் என்று கதை கட்டினார்கள். கழுவச் சொன்ன கையைத் தட்டி முடித்துவிட்டுத் தூங்கப் போனார்கள். 2021 மே மாதத்தில், ஆக்சிஜன் இல்லாமல் மக்கள் தவித்த நாளில், கோவை இருகூர் காமாட்சிபுரி ஆதீனத்திலே ‘கொரோனா தேவி’க்குச் சிலை வைத்துப் பூசை நடத்தினார்கள். முன்பு கொள்ளைநோய்க்கு பிளேக் மாரியம்மன் வந்தாள், இப்போது இவள். நோய்க்கு ஒரு பெண்ணின் உருவம் கொடுத்துப் பொட்டு வைத்துவிட்டால், சோப்புக்கும் ஊசிக்கும் வேலையில்லை போலும்! பெரியம்மையை இந்த உலகிலிருந்து ஒழித்தது வேப்பிலையா, தடுப்பூசியா? 1980இல் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சாவோலை வாசித்தபோது எந்த அம்மனுடைய பெயரும் அதில் இல்லை.

இங்கே தோழர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கை கழுவினால் புளூ வரவே வராது என்று மேடையேறி முழங்காதீர்கள். அப்படிச் சொன்னால் அதுவும் ஒரு தாயத்துத்தான். இந்தக் காய்ச்சல் பெரும்பாலும் காற்றிலே போகிறது, இருமலின் துளியிலும் மூச்சின் நுண்துகளிலும். கை கழுவுதல் ஒரு வாசலை அடைக்கும். எல்லா வாசலையும் அடைக்காது. அடைத்த வாசலின் பயனும் அளவானதே என்று ஆய்வுகளை எடை போட்டவர்கள் சொல்கிறார்கள். ஆகவே, காய்ச்சல் கண்டவர் கூட்டத்துக்கு வராமல் வீட்டில் இருக்க வேண்டும். வந்தே தீர வேண்டுமென்றால் முகத்தை மூட வேண்டும். முழங்கை மடிப்பிலே இரும வேண்டும். அடைத்த மண்டபத்தின் சன்னலைத் திறக்க வேண்டும். முதியோருக்கும் கருவுற்ற பெண்களுக்கும் ஆண்டுதோறும் போடும் தடுப்பூசி இருக்கிறது. கிருமி ஆண்டுக்காண்டு வேடம் மாற்றுவதால் ஊசியும் ஆண்டுக்காண்டு மாறுகிறது. மருந்துக்கடையில் தாமாகக் கேட்டு வாங்கி விழுங்கும் ஆன்டிபயாடிக் மாத்திரை இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. இவ்வளவையும் சேர்த்துச் சொல்வதுதான் அறிவியல். பாதியைச் சொல்வது வைத்தியர் வேடம்.

நம் கூட்டங்களும் ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டவை அல்ல. ஒலிபெருக்கியின் தலையிலே வாயை வைத்துப் பேசுகிறோம். ஒருவர் பின் ஒருவராக ஒன்பது பேர். தேநீர்க் குவளையை ஒரே வாளித் தண்ணீரிலே முக்கி எடுக்கிறார்கள். மூக்கைத் துடைத்த கையால் நூறு தோழர்களின் கையைக் குலுக்குகிறோம். கடவுள் இல்லை என்று சொன்ன வாய்க்குச் சளி பிடிக்காது என்று எந்த நூலிலும் எழுதவில்லை. கைகுலுக்கல் மேல்நாட்டிலிருந்து வந்தது. வணக்கம் நம்முடையது, அதற்கு யாரையும் தொட வேண்டியதில்லை.

இன்னொன்று. கழுவு என்று சொல்வது எளிது. 2018இல் நடுவண் அரசின் தேசிய மாதிரி ஆய்வு எடுத்த கணக்கிலே, உண்ணுமுன் சோப்பால் கை கழுவுவோர் நூற்றுக்கு 36 பேர் அளவில்தான். 60 பேர் வெறும் தண்ணீரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர்களை அறிவிலிகள் என்று திட்டி என்ன பயன்? குடிநீருக்கே குடத்தோடு வரிசையில் நிற்கும் பெண்ணிடம் போய், இருபது நொடி குழாயைத் திறந்துவிட்டுத் தேய் என்றால், அவள் சிரிக்கமாட்டாளா? கிரிவலம் முடிந்த விடியற்காலையிலே அந்த 14 கிலோமீட்டரையும் யார் கூட்டுகிறார்கள்? எச்சில் தொன்னையையும், சளி துடைத்த தாளையும், மூடியில்லாத தண்ணீர்ப் புட்டியையும் யார் அள்ளுகிறார்கள்? தலைமுறை தலைமுறையாகத் துடைப்பம் கொடுக்கப்பட்ட மக்களே இன்னும் பெரும்பாலும் அந்த வேலையில் இருக்கிறார்கள். இலட்சம் பேரின் எச்சிலை அள்ளும் அந்தக் கைக்கு உறை உண்டா? வேலை முடிந்ததும் கழுவ, பாதையோரத்தில் அவர்களுக்கென்று நீரும் சோப்பும் உண்டா? பக்தரின் கையைவிட முதலில் கழுவப்பட வேண்டிய கை அது. ஏனென்றால் மிகுந்த ஆபத்தில் இருப்பது அந்தக் கைதான்.

‘கைகழுவி விடுதல்’ என்றால் பொறுப்பைத் துறத்தல் என்று தமிழில் ஒரு பொருள் உண்டு. கோயிலைக் கேட்டால் நகராட்சி என்கிறது, நகராட்சியைக் கேட்டால் கோயில் என்கிறது என்ற நிலை வராமல் பார்த்துக்கொள்வது இளைஞர்களின் வேலை. கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேளுங்கள். இராஜகோபுரம், திருமஞ்சன கோபுரம், பேய்க்கோபுரம், அம்மணி அம்மன் கோபுரம் ஆகிய நான்கு வாசலிலும் நிரந்தரக் குழாய் வரிசையும் சோப்பும். எட்டு இலிங்கங்களின் முன்னும் அவ்வாறே. குழாயும் சோப்பும் வைக்காத பந்தலுக்கு அன்னதான அனுமதிச் சீட்டு இல்லை. திருநீறு, குங்குமத்தைச் சிறு பொட்டலமாகக் கொடுத்தல். துப்புரவுப் பணியாளருக்குக் கையுறை, கழுவுமிடம், ஆண்டுத் தடுப்பூசி. இதற்குப் பணம் எங்கே என்று கேட்டால் உண்டியலைக் காட்டுங்கள். வடக்குக் கோபுரத்தை அம்மணி அம்மாள் என்ற பெண்மணி வீடு வீடாகச் சென்று திரட்டிய பொருளால் கட்டி முடித்தார் என்று அந்த ஊரே சொல்கிறது. தனி ஒருத்தி திரட்டிய காசில் கோபுரம் எழுந்த ஊரிலே குழாய்க்குக் காசில்லை என்ற பேச்சு எடுபடாது.

மனு கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கவும் வேண்டாம். அடுத்த பௌர்ணமிக்கு நான்கு பீப்பாய் தண்ணீரும் நூறு கட்டிச் சோப்புமாகப் பாதையிலே நில்லுங்கள். அழுக்கு நீர் தெருவில் ஓடாமல் குழி வெட்டுங்கள். துண்டறிக்கையில் கடவுள் உண்டா இல்லையா என்ற வழக்கை அன்றைக்கு எடுக்காதீர்கள். எப்படித் தேய்ப்பது என்ற படம் போடுங்கள். “நாத்திகனுக்கு இங்கே என்ன வேலை?” என்று எவராவது கேட்டால், சோப்பை அவர் கையில் கொடுத்துக் குழாயைத் திறந்து விடுங்கள். கூட்டம் கலைந்த பிறகு எத்தனை கட்டி தீர்ந்தது என்று எண்ணி எழுதி, நெய்க் கணக்கு வெளியாகும் நாளிலே அதையும் நாளேடுகளுக்கு அனுப்புங்கள்.